நர்சம்மா சொன்னால் கேட்கிறவன்

மானாம்பதியில் மெட்ராஸ் ஐ பரவிய வருஷம், தாண்டவராயன் சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ ஆரம்பித்தான். ஊரில் வேறு யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவன் பெண்டாட்டி பவளத்துக்கு மட்டும் வயிறு எரிந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. சோப்பு வேண்டும் என்றுகூட அவள் கேட்டதில்லை. ஏர் பிடித்த கையோடு வந்து உட்காராதே, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வா என்றுதான் சொல்லுவாள். அவன் சிரிப்பான். "நம்ம கயினி மண்ணு நமக்கு இன்னா விஷமா?" என்று வேட்டியில் கையைத் துடைத்துவிட்டுச் சோற்றில் வைப்பான். சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்துப்போய், விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவன், ஏலவார்குழலி ஒருமுறை சொன்னதும் கேட்டுக்கொண்டான்.

ஏலவார்குழலி அந்த வட்டாரத்துக்கு வந்துபோகிற நர்ஸ். காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டு, தினம் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். கண் நோய் தெருத்தெருவாக ஏறியபோது வீடு வீடாகப் போய் ஒரே பாட்டைப் பாடினாள். கண்ணைக் கசக்காதீர்கள், கசக்கினால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் எரிச்சல் பொறுக்கமுடியாமல் ஊரே அவள் பேச்சைக் கேட்டது. மளிகைக் கடையில் சோப்புக் கட்டி நிற்காமல் போனது. கிணற்றடியில் கிழவர்கள்கூட நுரை வரத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாண்டவராயனுக்குக் கண் சரியாகிவிட்டது. ஊரில் பலரும் கொஞ்சம் தளர்ந்தார்கள். அவன் மட்டும் தளரவில்லை, முன்னைவிட மும்முரமானான். நகத்தை ஒட்ட வெட்டினான். மூன்று வயது மகள் அம்முலு வாசலில் விளையாடிவிட்டு வந்தால் தூக்கிக்கொண்டு போய் அவள் கையையும் தேய்த்துவிட்டான்.

"நான் தொண்டத் தண்ணி வத்த கத்தினேனே, அப்போ காது கேக்கல. அவ சொன்னா மட்டும் கேக்குதா?" என்றாள் பவளம்.

"நல்லது யார் சொன்னா இன்னா?"

யார் சொன்னால் என்ன என்பதில்தான் எல்லாமே இருந்தது அவளுக்கு.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஒருநாள் தவிடு கேட்க வந்தவள், போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். "உன் வூட்டுக்காரரு பஸ் நிக்கிற எடத்துல நர்சம்மாகூட பேசிக்கினு கீறாரு. கண்ணு இன்னும் சரியாவலியா? தொடச்சிக்கினே கீறாரே."

பவளம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தான். ஏலவார்குழலி பையைத் தோளில் மாட்டியபடி, வந்து நின்ற பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் அவளை ஏற்றாமலே போனது. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சைவிட அதிகமாக அவன் அங்கே பேசியிருப்பான் என்று பவளத்துக்குத் தோன்றியது. பக்கத்தில் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னா பேசினே அவகிட்ட?" என்று அவன் வந்ததும் கேட்டாள்.

"கண்ணு மருந்து கேட்டேன்."

"மருந்து கேக்கறதுக்கு ஒரு பஸ்ஸு போற நேரமா?"

அவன் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சோப்பு பவளத்துக்கு எதிரியானது. நர்ஸ் செய்யச் சொன்னது எதையும் அவள் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். சாணி தட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டாள். ஒருகாலத்தில் தானே வேண்டாம் என்று சொன்ன காரியத்தை, அவன் கண்ணெதிரே வீம்புக்குச் செய்தாள். அவன் ஒருமுறை சொல்லிப்பார்த்தான். "உன் நர்சம்மாவ கூட்டிக்கினு வந்து சோறாக்கச் சொல்லு" என்றாள். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

அதுதான் அவளால் தாங்கமுடியாமல் போனது. அவள் ஒரு வாய் உருட்டி நீட்டினால் அம்முலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நைனா கை" என்றாள். பெற்ற பிள்ளையையும் அந்த நர்ஸே கொண்டுபோன மாதிரி இருந்தது பவளத்துக்கு. துணியைச் சுருட்டிக்கொண்டு தென்னேரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். குழந்தையைக் கூப்பிட்டாள். அது வரவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் புதுத்தண்ணீர் வந்ததும் அந்தப் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி வரும். தென்னேரியில் அண்ணன் மகனுக்கு வந்திருந்தது. பவளம் இரண்டு மூன்று நாள் அந்தப் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு, துணி அலசி, அதே கையோடு அவசரமாகச் சாப்பிட்டு, அவன் தேறியதும் மானாம்பதிக்குத் திரும்பினாள். வந்த மறுநாளே படுத்துவிட்டாள். வயிறு நிற்காமல் போனது. வாந்தி எடுத்து எடுத்துக் கண் பஞ்சடைந்தது.

தாண்டவராயன் வயலுக்குப் போகவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். அவள் கெடுத்த துணியைத் தூரத்தில் கொண்டுபோய் அலசினான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பவளம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்சம் தெளிந்த அன்று மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டு ஏலவார்குழலி உள்ளே வந்தாள். தாண்டவராயன் அம்முலுவைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தான். நர்ஸ் நாடி பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா ஆச்சரியம்தான், இந்தத் தெருவுல இந்த மழைக்குப் படுத்தது நீங்க ஒருத்தர்தான். போன வருஷம் வூட்டுக்கு வூடு இருந்துச்சே. கண்ணுக்காகக் கை கழுவினாங்க, அது வயித்தையும் காப்பாத்திடுச்சு. அந்தப் பழக்கம் உங்க வூட்ல இருந்ததாலதான் குழந்தைக்கும் அவருக்கும் ஒட்டல. உங்க வூட்டுக்காரர் அதை அன்னிக்கே கேட்டாரு."

பவளம் கண்ணைத் திறந்தாள். "இன்னா கேட்டாரு?"

ஏலவார்குழலி தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"நீங்க சொல்லுங்க."

"'இந்தக் கை கழுவறது கண்ணுக்கு மட்டுமா, வாந்திபேதிக்கும் ஆவுமா'ன்னு கேட்டாரு. ஆவும்னேன். அப்படியே நின்னுட்டாரு. அப்புறம், 'அப்போ எம் பையனுக்கு நான்தாம்மா சோறு ஊட்டுவேன், இந்தக் கையாலதான் ஊட்டுவேன்'னு அழுதாரு. தண்ணியில வந்திருக்கும், ஈயால வந்திருக்கும், யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்லமுடியாதுன்னு எவ்வளவோ சொன்னேன். மனுஷன் கேக்கல."

ஏலவார்குழலி போனபிறகும் பவளம் அப்படியே கிடந்தாள். மூத்தவன் இருசப்பன் இருந்திருந்தால் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போயிருப்பான். போன வருஷத்துக்கு முந்தின மழையில் வாந்திபேதி கண்டு, உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டுவண்டியிலேயே அவள் மடியில் அடங்கிப்போனான். அதற்கப்புறம் தாண்டவராயன் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. காரியம் முடிந்த கையோடு ஏர் பூட்டிக்கொண்டு போனான். கல் மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டு, அவள் மாட்டுக்கொட்டகையில் தனியாக நின்று அழுதாள். இவ்வளவு நாளும் தனியாகவே அழுதாள்.

அவன் அழுதிருக்கிறான். அவளிடம் அழவில்லை. வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தியிடம், புளியமரத்தடியில், ஊர் பார்க்க அழுதிருக்கிறான். கண் நோய் இன்னும் முழுசாக ஓயாத நேரத்தில் யாருக்கும் அது அழுகை என்று தெரியவில்லை. சோப்புக்காகப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிந்தது. இது வேறு மாதிரி எரிந்தது.

அவன் பாலோடு வந்தான். அம்முலு தோளில் தூங்கியிருந்தாள். பாயில் கிடத்தினான்.

"எம் புள்ளைக்காக அவகிட்ட போயி அழுதியா?" என்றாள் பவளம்.

அவன் பால் சொம்பைக் கீழே வைத்தான்.

"நான் பெத்தவ. எங்கிட்ட அழ உனக்கு வாய் வரலியா?"

"உங்கிட்ட இன்னான்னு வந்து சொல்றது?" என்றான். "கழுவு கழுவுன்னு சொன்னவ நீ. சிரிச்சவன் நான். அவ ஆவும்னு சொன்னதும் எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எங்க போயி நிக்கறது?"

அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அப்பவே சொன்னேனே. சொன்னால் அவன் அன்றோடு முடிந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"உக்காரு. அவகிட்ட சொன்னதெல்லாம் எங்கிட்ட சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு."

அவன் பாயோரத்தில் உட்கார்ந்தான். வெளியே மழை வலுத்தது. தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். அப்பன் தட்டில் தவிர வேறு எதிலும் இருசப்பன் சாப்பிடமாட்டான் என்றான். கடைசி நாளும் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான் என்றான். சொல்லச் சொல்ல, அடக்கிவைத்தது தானாக வெளியே வந்தது. முள்ளங்கி இருந்தால் பொறுக்கி அப்பன் வாயில் திணிப்பானாம். வயிறு நிறைந்துவிட்டால் சொல்லாமல், அப்பன் மீசையைப் பிடித்து இழுப்பானாம்.

பவளத்துக்கு இது தெரியாது. அடுப்படியில் இருந்தவள் பார்த்ததில்லை.

"மீசய இழுக்கறத அவகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"முள்ளங்கி?"

"இல்லம்மே. அதெல்லாம் இப்பதான் வருது."

அவள் கையை ஊன்றி எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் தாடையில் இறங்கியதைத் துடைக்கவில்லை.

"இன்னும் சொல்லு" என்றாள்.