அ-வில் தொடங்கும் மருந்துகள்

1.

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்ல முடியாது. ஏழு நிமிடம் பதினெட்டு நொடிக்குக் குரல் செய்தியாக அவளே அனுப்பினாள். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையும் வைத்தாள்: "எழுதுறதா இருந்தா எழுது. ஆனா மருந்துப் பேரு ஒண்ணு தப்பா வந்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்டி."

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினாறு வருடமாக நர்ஸ். நானோ ரத்தப் பரிசோதனைக்கு விரலை நீட்டச் சொன்னாலே உட்கார நாற்காலி தேடுகிறவள். ஆகவே இதில் சரியாக இருப்பதெல்லாம் அவளுடையது, மிகையாக இருப்பதெல்லாம் என்னுடையது என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மானிட்டரில் பச்சைக் கோடு நேராக ஓடியது. அறையில் யாரும்

அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், சினிமாவில்கூட, என்று பதில் வந்தது. அடுத்த முயற்சி:

மரணம் என்பது ஒரு

(இதை முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் என்னைப் பாராட்டலாம்.)

அதன் பிறகுதான் மருந்துகளிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

2.

அவசரப் பிரிவின் மூலையில் சக்கரம் வைத்த சிவப்பு வண்டி ஒன்று நிற்கும். யாருக்காவது இதயம் மக்கர் செய்தால் அதைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அதன் மேல் இழுப்பறையில் இருக்கும் மருந்துகளில் பாதியின் பெயர் அ-வில் தொடங்குகிறது. நின்றுபோன இதயத்தை உசுப்ப அட்ரினலின். மிக மெதுவாகத் துடிப்பதை விரைவாக்க அட்ரோபின். தாறுமாறாகத் துடிப்பதை ஒழுங்குக்குக் கொண்டுவர அமியோடரோன். அப்புறம் அடினோசின். [இதைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். ஆமை வரட்டும்.]

ஒரு நாள், நாடித்துடிப்பு முப்பத்தாறுக்கு இறங்கிப்போன ஒரு பெரியவருக்கு டாக்டர் அட்ரோபின் கேட்டார். அக்கா இழுப்பறையில் கைவிட்டாள், குப்பியை உடைத்தாள், சிரிஞ்சில் ஏற்றினாள். கட்டிலை நெருங்கியபோது கூட வேலை செய்யும் ஆண் நர்ஸ் ஒருவர், டிரேயில் கிடந்த காலிக் குப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது அட்ரினலின். புதிதாக வந்த சரக்கில் இரண்டும் ஒரே அளவுக் குப்பி, ஒரே பழுப்புக் கண்ணாடி, ஒரே பச்சை எழுத்து.

அந்தச் சிரிஞ்சு அப்படியே நரம்பில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா விளக்கினாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரியவருக்குச் சரியான மருந்து போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார். நடந்ததை அக்கா தானாகவே எழுதிக் கொடுத்தாள். மேலே இருந்தவர்கள் திட்டவில்லை. குப்பிகளை வேறு வேறு பெட்டியில் பிரித்து வைத்தார்கள். இரண்டு பேர் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் மருந்தை ஏற்ற வேண்டும் என்று புது விதியும் வந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கை அரித்தது. கதைக்குச் சூடு போதவில்லை என்று நினைத்து, அந்த மருந்து பெரியவருக்கு ஏறிவிடுவதாக மாற்றி எழுதினேன். அக்கா அதைப் படித்துவிட்டு நேராகக் கூப்பிட்டாள்.

"தப்பு நடக்கல. நடக்கப் பாத்துச்சு. அதுக்கே எனக்குப் பன்னெண்டு நாள் தூக்கம் போச்சு. உனக்கு அது போதாதா?"

போதும்தான். அடித்துவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஊசி பக்கமே போகவில்லை. கட்டுப் பிரித்தாள், பதிவேடு எழுதினாள், போனை எடுத்தாள். ஊசி போட வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி வேறு யாரையாவது அனுப்பினாள். ராஜினாமாக் கடிதம் ஒன்றைத் தட்டிச்சு செய்து போனிலேயே வைத்திருந்தாள். அத்தானுக்குக்கூடத் தெரியாது.

3.

பதிமூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஆமை வந்தார்.

ஆமை என்பது ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வயது நாற்பத்தாறு. வேகத்தடை வந்தால் வண்டியைத் தொட்டில் மாதிரி ஏற்றி இறக்குவார். பின்னால் இருக்கிறவர் நோயாளிக்கு ஊசி போட வேண்டாமா என்பது அவருடைய நியாயம். மற்ற ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயரை அவர் விருது மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

அன்று விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார். மொத்தக் கூட்டமும் அந்தக் கட்டிலைச் சூழ்ந்துகொண்டது. நோயாளியை ஒப்படைத்த தாளில் கையெழுத்துப் போட வேண்டிய ஆமை, போடாமல் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பேப்பரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். போனவளுக்கு அவருடைய சட்டைக் காலர் துடிப்பது தெரிந்தது. காற்றாடிக்கு அடியில் காகிதம் படபடப்பது போல, கழுத்தில் என்னவோ அதை உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. வெறும் வாயுத்தொல்லைதான், மூன்று மாதமாக வந்து வந்து போகிறது என்றார் ஆமை. கட்டிலில் ஏற்றி மானிட்டரை மாட்டினால் இருநூற்றுப் பதினான்கு காட்டியது.

இந்தப் பக்கம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டாக்டர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண். அவர் பதறவில்லை. முதலில் ஒரு காலி சிரிஞ்சைக் கொடுத்து, உள்தண்டு நகரும்வரை ஊதச் சொன்னார். மூச்சை அப்படி அழுத்தினால் சில சமயம் இதயம் தானாகவே வழிக்கு வந்துவிடுமாம். ஆமை ஊதினார், படுக்கவைத்துக் காலைத் தூக்கினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் நடக்கவில்லை. இழுப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக்கொண்டு, டாக்டர் அடினோசின் எடுக்கச் சொன்னார்.

[அடினோசின்: இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்கும் பாதையைச் சில நொடிகளுக்கு அடைத்துவிடும் மருந்து. சுற்றிச் சுற்றி ஓடும் துடிப்பு அதில் முட்டி நிற்கும், பிறகு ஒழுங்காகத் தொடங்கும். உடம்பில் பத்து நொடிகூடத் தங்காது. ஆகவே முழங்கை மடிப்பின் பெரிய நரம்பில் வேகமாக ஏற்ற வேண்டும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சலைனும் போக வேண்டும். "வாலைப் பிடித்துக்கொண்டே" என்பது அக்காவின் சொல்.]

ஆமை வேண்டாம் என்றார். அவர் அந்த மருந்தைப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை அவர் கொண்டுவந்த அம்மாள் ஒருவருக்கு வாசலில் அவர் நிற்கும்போதே போட்டார்கள். மானிட்டரில் துடிப்புக் கோடு நின்றது. அந்த அம்மாள் பிழைத்து வீட்டுக்கும் போனார். ஆனால் கோடு நின்றதைப் பார்த்தவர் பார்த்தவர்தானே. வேறு மருந்து கொடுங்கள், இல்லாவிட்டால் அப்படியே படுத்திருக்கிறேன் என்றார். ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் மின்அதிர்ச்சிதான் வழி என்று டாக்டர் அக்காவின் காதோடு சொன்னார்.

4.

அடுத்து ஆமை சொன்னதாக அக்கா சொல்லும் வாக்கியத்தை நான் நம்பவில்லை. இருநூற்றுப் பதினான்கில் துடிக்கிற ஒருவரால் இவ்வளவு நறுக்கென்று பேச முடியுமா? என் கதாபாத்திரங்கள் அப்படிப் பேசியதே இல்லை, நல்ல உடம்போடு இருக்கும்போதுகூட. அக்காவிடம் கேட்டேன். மூன்று மூச்சில் சொன்னார், நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார், ஆனால் சொன்னார் என்று அடித்துப் பேசுகிறாள். எனவே அப்படியே வைக்கிறேன்.

டாக்டர் அக்காவிடம் மருந்தை எடுத்துத் தயாராக வைக்கச் சொன்னார். இவள் நகரவில்லை. வழக்கமான சாக்கைத் தேடி, விபத்துக் கட்டிலில் இருந்த ஆண் நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தாள். அப்போது ஆமை கேட்டார்.

"அன்னைக்குக் குப்பி மாறிப்போச்சுன்னாங்களே. அது நீங்கதானே சிஸ்டர்?"

ஆஸ்பத்திரியில் செய்தி ஆம்புலன்ஸைவிட வேகமாகப் போகும். அக்கா ஆமாம் என்றாள்.

"அப்போ நீங்களே போடுங்க. நீங்கதான் ரெண்டு தடவை படிப்பீங்க."

(இங்கே ஒரு பத்தி இருந்தது. நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பது பற்றி. நன்றாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.)

அவர் இன்னொன்றும் கேட்டார். நிற்குமா, நிற்காதா?

"நிக்கும்," என்றாள் அக்கா. "அப்புறம் ஓடும். நடுவுல நான் இங்கதான் இருப்பேன்."

5.

இரண்டு தடவை படித்தாள். டாக்டர் ஒரு தடவை படித்தார். அடினோசின், ஆறு மில்லிகிராம். குப்பியை உடைத்தாள், ஊசி நுனியையே பார்த்துக்கொண்டு சிரிஞ்சில் ஏற்றினாள்.

மருந்து, உடனே சலைன், கையைத் தூக்கிப் பிடித்தாள். துடிப்பு ஒரு கணம் தடுமாறிற்று, பழையபடி ஓட ஆரம்பித்தது. இருநூற்றுப் பத்து. ஆமை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். "ஆச்சா?" என்றார். இல்லை, இன்னொன்று போட வேண்டும் என்றாள். அவருக்கு உதடு கோணிற்று, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் படித்தார்கள். பன்னிரண்டு மில்லிகிராம்.

கோடு நின்றது.

நான் வேண்டாம் என்று வைத்திருந்த முதல் தொடக்கம் இதோ, தானாகவே வந்து நிற்கிறது. என்ன செய்ய, நடந்தது இதுதான். அக்கா எண்ணினாள். ஒன்று. அவர் மார்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு. முகம் சிவந்தது. மூன்று. டாக்டர் மூச்சு விடவில்லை. நான்கு. அக்கா அவர் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

ஒரு துடிப்பு வந்தது. பெரிய இடைவெளி. இன்னொன்று. அப்புறம் வரிசையாக, எண்பத்தெட்டில்.

ஆமை கண்ணைத் திறந்து கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரிய ஸ்பீடு பிரேக்கர் சிஸ்டர்," என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அக்கா காலிக் குப்பிகளை எடுத்துப் பெயரை மறுபடியும் படித்துவிட்டுக் குப்பையில் போட்டாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, அவர் போடாமல் விட்ட கையெழுத்தை வாங்கினாள்.

மதியம் ஆமையின் மனைவி வந்தார், சலவைக் கடையில் வேலை செய்கிறவர். மூன்று மாத வாயுத்தொல்லையைப் பற்றி அவர் கணவரிடம் பேசியதைக் கேட்டு மானிட்டர் கொஞ்சம் ஏறி இறங்கியதாம்.

6.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பிரதியில் நான் ஆமையைக் கொன்றேன். கோடு நின்றது, நின்றதுதான். எழுதி முடித்து நானே கண் கலங்கிவிட்டேன். இலக்கியம் என்றால் இதுதான் என்று அக்காவுக்கு அனுப்பினேன்.

"அடிப்பாவி. அவர் நாளைக்கு வேலைக்கு வர்றாரு. நான் எப்படி அவர் மூஞ்சியைப் பாக்குறது?"

அழித்தேன். இன்னொரு பிரதியில் அக்கா ராஜினாமாக் கடிதத்தை அழிக்கிறாள், வெளியே மழை நிற்கிறது. அதையும் அவள் ஏற்கவில்லை. மழையே பெய்யவில்லை. கடிதம் இன்னும் போனில்தான் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும், இடத்தையா அடைக்கிறது என்கிறாள். ஊசி போடுகிறாள். புதிதாகச் சேரும் எல்லோரிடமும் குப்பி மாறிய கதையைத் தானே முதலில் சொல்லிவிடுகிறாள்.

7.

முடிவு இனிமேல்தான்.

ஆமைக்கு அந்தத் துடிப்பு திரும்ப வரலாம். தொடை நரம்பு வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு, தவறான மின்பாதையைச் சுட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது. இப்போது ஆக்ஸிஜன் உருளைகளுக்கு எண் எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள், உயிரே போகிறது என்கிறார். அந்தச் சிகிச்சைக்கு முதலில் மாட்டேன் என்றவர், போன வாரம் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமை செய்கிறார்கள்.

நான் இந்தக் கதையைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

அக்கா அன்றைக்கு ட்யூட்டியை மாற்றிக்கொண்டிருக்கிறாள். உள்ளே அவளுக்கு வேலை இல்லை. வெளியே, அவர் மனைவியோடு பெஞ்சில் உட்காரப்போகிறாள், வெறும் ஆளாக. என்ன ஆகும் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். வியாழக்கிழமை இன்னும் வரவில்லையே என்றாள்.

ஆகவே பெஞ்சுவரை எழுதிவிட்டேன். இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவு திறக்கிறது, இருவரும் எழுந்துகொள்கிறார்கள். வெளியே வருகிற டாக்டரின் முகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நானாக இருந்தால் சிரிக்கவைத்திருப்பேன், நடக்காததை ஏன் எழுதுகிறாய் என்று உடனே போன் வந்திருக்கும். நீங்கள் தாராளமாக எழுதலாம். உங்களைத் தட்டிக்கேட்க அங்கே அக்கா யாரும் இல்லை.