பனிக்குள் இரண்டு குரல்கள்

தொலைபேசியில் பேசிய பெண் அழவில்லை. "எங்க வீட்டுக்காரர் கடப்பாரையோட வயலுக்குப் போயிட்டாரு. கொழுந்தனும் அருவாளைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான். சீக்கிரம் வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த அண்ணன் தம்பி வரப்புச் சண்டை காவல் நிலையத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆய்வாளர் ஜீப்போடு நீதிமன்றம் போயிருந்தார். போனில் பேசிய ஏட்டம்மா தன் மொபெட்டை எடுத்தாள்.

விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. மரங்கள் எதிரே வந்து, யாரென்று பார்த்துவிட்டுப் போவதுபோல் மறைந்தன. பாலம் வந்தது சக்கரத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது. வயலோரம் வண்டியை நிறுத்தி வரப்பில் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை. வானமும் இல்லை. எங்கோ கல்லில் இரும்பு மோதும் ஓசை மட்டும் மிதந்து வந்தது.

"கடப்பாரையைக் கீழ போடுங்க. ஏட்டம்மா வந்திருக்கேன்."

ஓசை நின்றது.

"அவன் எங்க?" வலப்புறம் அண்ணனின் குரல்.

"இங்கதான் நிக்கிறேன்." இடப்புறம் தம்பி. அவள் நினைத்ததைவிடப் பக்கத்தில்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இருவருக்கும் நடுவில் நிற்கிறாள். இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டு, எதிராளி என்று யாராவது ஓங்கிவிட்டால்?

"யாரும் அசையக் கூடாது. பனி விலகட்டும்."

நின்றார்கள். பனி அவர்களுக்கிடையே மெல்லப் புரண்டது. அண்ணன் இருமத் தொடங்கினார். அடங்குவதாக இல்லை.

"ஏட்டம்மா, மாத்திரை ஒழுங்கா போடுறாரான்னு கேளுங்க."

"போட்டா அவனுக்கென்ன, போடாட்டி அவனுக்கென்னன்னு கேளும்மா."

"நடுவுல நான் எதுக்கு? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு."

அண்ணன் மறுபடி இருமினார். பிறகு தம்பி, "அம்மா போனதும் இந்த இருமல்லதான்" என்றான், யாரிடமென்றில்லாமல்.

"தெரியும்டா."

பனி வெளுத்தது. முதலில் பிடுங்கிப் போட்டிருந்த எல்லைக்கல் தெரிந்தது, பிறகு கடப்பாரை, அதன் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்ட அண்ணன். தம்பி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில், அரிவாளோடு. அவள் கையை நீட்டினாள். யாருடைய பொருளையோ கொடுப்பதுபோல் அவன் கொடுத்தான்.

"சர்வேயர் வந்து அளக்குற வரைக்கும் ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரக் கூடாது. புரியுதா?"

தலையாட்டினார்கள். வண்டிக்குத் திரும்பி அரிவாளை முன்னால் வைத்தாள். உடனே கிளம்பவில்லை. வெயில் உறைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வழக்கு அதன் பிறகும் இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் அன்று மதியம் நிலைய வாசலில் நின்றவள், தம்பியின் வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் போவதைப் பார்த்தாள். பின்னால் அண்ணன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் அண்ணனின் கை தம்பியின் சட்டையைப் பிடித்தது. மேடேறிய பிறகும் விடவில்லை.