செவ்வந்தி இடக்கைக்காரர்களின் வாள்

இளமஞ்சள் வாள் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது, பக்கத்தில் அதன் வலிமை ஐந்நூற்று இருபது என்றிருக்கிறது, அதைப் பாதியாக்கிவிட்டால் சௌந்தரி வீட்டுக்குப் போகலாம், ஒரு நிமிட வேலை, ஆனால் கை போகவில்லை, காலையில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த குரல் இன்னும் காதில் நிற்கிறது. கோயமுத்தூரில் பதினோரு பேர் சேர்ந்து கைப்பேசி விளையாட்டு செய்யும் இந்த அலுவலகத்தில் மந்திர வாள்களுக்குப் பிறப்புக் கதை எழுதுவதும் வலிமையை முடிவுசெய்வதும் அவள் வேலை, செவ்வந்தி என்ற இந்த வாளின் கதையை இரண்டு வருடத்துக்கு முன் டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தாள், வானத்திலிருந்து விழுந்த கல்லை ஏழு கொல்லர்கள் உருக்கினார்கள் என்று, எல்லா விளையாட்டிலும் எல்லா வாளும் அப்படித்தான் பிறக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள். ஒருமுறை தொட்டால் தானாக மூன்று முறை வெட்டும் என்று வைத்ததும் அவள்தான், அதுதான் வினையாகிவிட்டது, கெட்டிக்காரர்கள் இரண்டு கட்டைவிரலாலும் ஓடிக்கொண்டே வெட்டி எல்லாரையும் சாய்த்துவிடுகிறார்கள், தோற்றவர்கள் புகாராக எழுதிக் குவிக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள்ள பாதியாக் குறைச்சிருங்க சௌந்தரி என்று மேலாளர் நவநீதன் சொல்லிவிட்டார், அறிவிப்பும் போட்டாயிற்று, மறுநாளே அந்த போன்.

ஏம்மா, செவ்வந்திய குறைக்கப் போறீங்களாமே, என்றார் ஒரு வயசானவர், ஆமாங்கய்யா, நீங்க விளையாடுறீங்களா என்று இவள் கேட்டாள், நான் எங்க, எம் பொண்டாட்டில்லா வெளயாடுதா. அவர் பெயர் வேதமுத்து, மனைவி ஞானசெல்வி, முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர், ஊரையெல்லாம் பேசவைத்தவள், போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் விழுந்து பேச்சும் குழறிவிட்டது, மகன் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள், அந்தக் குழறலை அவன் கேட்கக் கூடாதாம். அவன்தான் இந்த விளையாட்டை ஏற்றச்சொன்னான், அவள் இடது கட்டைவிரலால் தொட்டால் வாள் வெட்டும், அவன் பக்கத்தில் கேடயம் பிடித்து நிற்பான், தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் சண்ட போடுதாவ, ஒத்த வார்த்த பேசாம, அப்ப மட்டுந்தான் அவ சிரிக்கா தாயி, பாதியாக்கிட்டீங்கன்னா மொத அடியிலயே செத்துருவாளே, என்றார். அவருக்குப் பின்னால் யாரோ குழறினார்கள், என்னங்கய்யா சொல்றாங்க, ஒண்ணுமில்லம்மா, அந்த ஏழு கொல்லனும் பொறவு என்ன ஆனாவன்னு கேக்கா, என்றார்.

மின்விசிறி சுற்றுகிறது, நினைவில் சௌந்தரிக்கு ஐந்து வயது, பல்லடத்தில் ஒரு மருந்துக்கடையில் அம்மா அவளைத் தூக்கி ரிசீவரைக் காதில் வைக்கிறாள், பம்பாயிலிருந்து அப்பா பேசப்போகிறார், அதற்கு முன்னால் முகமில்லாத ஒரு பெண், லைன் கெடச்சிருச்சு, பேசும்மா என்கிறாள், அப்பா சொன்னது எதுவும் நினைவில் இல்லை, அந்தப் பேசும்மா மட்டும் இருக்கிறது, அது எந்த ஊர் ஆப்பரேட்டரோ, இப்போது அந்தக் குரல் ஞானசெல்வியின் குரலாகிவிட்டது, அப்படி இருக்க முடியாது என்று தெரியும், தெரிந்தும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விளையாட்டில் இடக்கை மட்டும் என்று ஓர் அமைப்பு உண்டு, எல்லாப் பொத்தான்களும் இடது ஓரத்துக்கு வந்துவிடும், ஓடினால் வெட்ட முடியாது, வெட்டினால் ஓட முடியாது, இரண்டு கையும் உள்ளவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அதில் ஐந்நூற்று இருபதை அப்படியே விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் பாதியாக்கினாள், பழைய கதையை அழித்தாள், ஆறு கொல்லர்களைப் போர் கொண்டுபோயிற்று, ஏழாவது ஆள் ஒரு பெண், உலையில் அவள் வலக்கை வெந்துபோனது, மிச்ச வாளை இடக்கையாலேயே அடித்து முடித்தாள், அதனால் அந்த வாளுக்கு இடக்கையைத்தான் தெரியும், என்று எழுதினாள், டீ ஆறிப்போனது.

எல்லாரும் இடக்கைக்கு மாறிருவாங்களே என்றார் நவநீதன், மாறட்டுங்க, ஒரு வாரம் பொறுங்க என்றாள். மாறினார்கள், முதல் நாள் இருபதாயிரம் பேர், ஓட முடியாமல் விழுந்து விழுந்து செத்தார்கள், திட்டினார்கள், நாலாம் நாளே திரும்பிப் போகத் தொடங்கினார்கள். எட்டாம் நாள் சாயங்காலம் நவநீதன் ஒரு தாளோடு வந்தார், இன்னும் இடக்கையிலேயே இருக்கறவங்க, நாப்பத்தொரு பேருங்க, என்றார், ஈரோடு, ராஜபாளையம், யாழ்ப்பாணம், கூடலூர் என்று நீண்டது பட்டியல், இவங்கள்லாம் யாரு, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதுங்க, எனக்கு பாளையங்கோட்டைக்காரம்மா ஒருத்தர மட்டுந்தான் தெரியும் என்றாள் சௌந்தரி.

இருவரும் விளையாட்டுக்குள் போய்த் தேடினார்கள். ஆற்று மணலில் பட்டியலில் இருந்தவர்கள் ஒன்றாக நின்றார்கள், எப்படியோ ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஓட முடியாதவர்கள் என்பதால் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக, அத்தனை கையிலும் செவ்வந்தி, நடுவில், தலைக்கு மேல் பெயரோடு, ஞானசெல்வி. குதித்து ஓடிவந்த இருகைக்காரர்கள் அதைப் பார்த்துத் தயங்கிச் சுற்றிப்போனார்கள், வட்டத்துக்கு வெளியே அவள் மகன், ஒற்றைக் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, அந்த நாற்பத்தொரு பேருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.