குதிகால் தரையில் படட்டும்

என் அக்கா வேலைக்குப் போன நாட்களில் அவளுடைய சட்டைப் பையில் ஒரு பூனை இருந்தது. நூலில் தைத்த பூனை. ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கும். ஆயத்த ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிறவள், குழந்தைகள் பிரிவில் 'பன்னிரண்டு வயது' என்று சீட்டு ஒட்டிய சட்டையைத்தான் வாங்கிப் போட வேண்டியிருந்தது. பெரியவர்கள் பிரிவில் இருப்பதிலேயே சின்னதும் அவள் தோளிலிருந்து வழிந்து விழும். அடையாள அட்டையைப் பூனைக்கு நேராகத் தொங்கவிட்டு நாளெல்லாம் சமாளிப்பாள். மின்விசிறிக்குக் கீழே மட்டும் நிற்கமாட்டாள்.

நான் அவளுக்கு நாலு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அவளைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். அப்புறம் எங்கே போனாலும் என்னைத்தான் அக்கா என்றார்கள். கடைக்காரர் அவளிடம் மிட்டாயையும் என்னிடம் மீதிச் சில்லறையையும் நீட்டுவார். வீட்டில் எனக்குப் பெயர் ஏணி. பரண் மேலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால், "ஏணியக் கூப்பிடு" என்பார் அம்மா. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அக்காதான். அவளுக்கு நான் சின்னவள்.

அந்தப் பூனைச் சட்டையைப் படம் எடுத்து, "எனக்கு எப்போது பெரியவள் சட்டை கிடைக்கும்?" என்று கேட்டு அவள் போனில் ஆரம்பித்த குழுதான் 'அஞ்சடி'. அஞ்சடிக்கு முன்னே பின்னே உள்ள பெண்களுக்கு மட்டும். முதல் விதி: 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் அப்போதே வெளியே. வாழ்த்துச் சொல்ல வந்த எங்கள் சித்தியே முதல் நாள் வெளியேற்றப்பட்டார்.

குழு மளமளவென்று வளர்ந்தது. நர்சு, வக்கீல், வங்கிக்காரி, டீச்சர் என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கதை. பேன்ட் வாங்கினால் கடைக்காரன், "கீழ வெட்டித் தச்சுக்கோங்க மேடம்" என்பான். முட்டியிலிருந்து அழகாக விரிய வேண்டிய பேன்ட்டில் விரிவு கெண்டைக்காலில் ஆரம்பிக்கும். வெட்டினால் விரிவே போய்விடும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போனவர்களின் குழு அது.

அக்கா வேலையை விட்டாள். முதலில் பெரிய கம்பெனிகளின் சின்ன அளவுகளைப் பொறுக்கி விற்கலாம் என்று திட்டம். வந்து இறங்கிய சரக்கில் அகலத்தைக் குறைத்திருந்தார்கள், நீளத்தை மறந்திருந்தார்கள். அது படுத்தது. சரி, நாமே தைப்போம் என்றாள். உடம்பில் பன்னிரண்டு இடத்தில் அளவெடுத்து அனுப்பச் சொல்லிக் குழுவில் கேட்டாள். தன் தொடையின் உள்நீளத்தைத் தானே அளக்க முயன்று இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள்தான் மிச்சம். முழுதாக அனுப்பியவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அக்கா மறுபடி திட்டத்தை மாற்றினாள். "உயரமும் இடுப்பும் மட்டும் சொன்னாப் போதும். கால் நீளத்தை நான் கணக்குப் போட்டுக்கறேன்." அவளுக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

முந்நூறு பேன்ட். இவ்வளவு குறைவாகத் தைக்க எந்தத் தையல் யூனிட்டும் மசியவில்லை. அக்காவுக்குப் பழைய அலுவலகத்தில் பழக்கமான கட்டிங் மாஸ்டர் ஒருவர், சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருந்தவர், அவள் முகத்துக்காக ஒத்துக்கொண்டார். துணி அவ்வளவு மிருது, தொட்டால் சிரித்துவிடும் போலிருந்தது. நான்தான் மடித்து, சுற்றி, முகவரி ஒட்டி அனுப்பினேன். அஞ்சடிக்குள் எனக்கு இடமில்லை, அதன் பார்சல்களுக்குள் இருந்தது.

போன வேகத்தில் எல்லாம் திரும்பி வந்தன. எல்லோருக்கும் பேன்ட்டின் கால் நீளமாகப் போயிருந்தது. முட்டியில் விரிய வேண்டியது கெண்டைக்காலில் விரிந்தது. கூடத்தில் நடக்க வழியில்லாமல் பார்சல்கள் குவிந்தன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண், குழுவில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருத்தி, குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள்: "இத்தனை நாளா ஊருதான் எங்களக் கண்டுக்கல. நீங்களுமா?"

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

மாஸ்டரை வரவழைத்தாள். அவர் துணி மேல் வைத்து வெட்டுகிற பேட்டர்ன் அட்டைகளோடு வந்தார். சாப்பாட்டு மேஜையில் பேன்ட்டை விரித்து டேப்பை வைத்தார்.

"நீங்க குடுத்த அளவும்மா. நூல் பிசகல."

"அப்ப எல்லாருக்கும் எப்படிங்க தரையில புரளுது?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் துணியத்தான் வெட்டினேன், ஆளையா பாத்தேன்?"

அவர் போனதும் அக்கா குழுவில் எழுதினாள்: தையல் யூனிட்டின் அலட்சியத்தால் நேர்ந்த தவறு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் சந்திப்போம், பேசித் தீர்ப்போம். எழுதி முடித்த கையோடு இதயப் படங்கள் பொழிந்தன. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அம்மா, திரும்பி வந்த பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்றார். பாதம் இரண்டும் துணிக்குள் காணாமல் போயிருந்தன.

"இது எனக்குன்னு தச்சதுதான்டி. நானும் அஞ்சடியில இருக்கேன்ல?"

"உயரம் என்னன்னு சொன்ன?"

"அஞ்சடி."

அம்மாவின் உச்சி என் தோளுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. "அம்மா, நீ அஞ்சடியா?"

"செருப்போட."

"நீ போடுறது ரப்பர் செருப்பும்மா!"

"போடி இவளே. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்க அக்கா மட்டும் என்ன? அஞ்சு ஒண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. நான் கேட்டேனா?"

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் உயரம் அஞ்சடி ஒன்பது அங்குலம். யார் கேட்டாலும் அஞ்சு ஏழு என்பேன். யாரும் சொல்லித்தரவில்லை, வாய் தானாகச் சொல்லும். நான் வெட்டிப் போடுகிற இரண்டு அங்குலத்தை அக்கா எடுத்து ஒட்டிக்கொள்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அஞ்சடிக்காரிகள் அத்தனை பேரும், தங்களுக்குள்ளேயே, தங்களுக்காகத் தைக்கும் பேன்ட்டுக்குக்கூட, கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். மாஸ்டர் வெட்டியது இல்லாத பெண்களுக்கு.

அக்காவிடம் போனேன். வேறு யாரிடம் போவது?

"அக்கா, மாஸ்டர் மேல தப்பில்ல. எல்லாரும் உயரத்தைக் கூட்டிச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

"எல்லாரும். அம்மா." கொஞ்சம் தயங்கினேன். "நீயும்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "இத நீ சொல்றியா? சின்ன வயசுலருந்து என் பக்கத்துல நின்னு நின்னே என்னக் குள்ளமாக்கினவ நீ."

"அது என் தப்பாக்கா?"

"தப்புன்னு சொல்லல. ஆனா உலகத்துல வேற யாரு வேணாலும் சொல்லட்டும், நீ சொல்லாத." அவள் குரல் உடைந்தது. "அந்தக் குழுவுல நான் ஒரு நாள்கூடக் குள்ளமா இருந்ததில்ல, தெரியுமா? அவங்க முன்னாடி போயி, நீங்க சொன்னது பொய், சுவத்தோட நில்லுங்க, அளந்து பாக்கறேன்னு சொல்லவா? ஊரு பண்ணினத நானும் பண்ணவா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகை அதிகமாக வந்தது. வளர்ந்ததற்காக யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாஸ்டர் தானாகவே வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பேட்டர்ன் அட்டைகளை மேஜையில் வைத்தார். "நீங்க எழுதினத என் பொண்ணு படிச்சுக் காமிச்சா. யூனிட் பேரு போடல, ஆனா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்மா. இனிமே வேற ஆளப் பாத்துக்கோங்க." அக்கா தலை குனிந்தே நின்றாள். அவர் படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும் அம்மா, "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்றார். அந்தப் பழமொழியைச் சொல்லக்கூடாத ஒரே வீடு எங்களுடையது. சாணும் முழமும்தானே இங்கே சண்டையே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு நடன வகுப்புக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தாள். மாடியில் நீளமான அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. பார்சல்களை நான்தான் தூக்கி வந்து மேலே வைத்தேன். வைத்ததும் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல், "நீ கீழ இரு. உன்னப் பாத்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றாள்.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டிப் பெண்கள் ஏறிப் போனார்கள். எல்லோர் காலிலும் குதிகால் உயர்ந்த செருப்பு. டக் டக் என்று படியெல்லாம் அதிர்ந்தது. தங்கள் ஆட்களைத்தான் பார்க்கப் போகிறார்கள், அதற்கும் அந்தச் செருப்பு.

மேலே பேச்சு நன்றாகக் கேட்டது. அக்கா வருத்தம் தெரிவித்தாள். பரவாயில்லை என்றார்கள். உங்கள் மேல் கோபமில்லை என்றார்கள். அப்புறம் டீச்சரின் குரல் வந்தது.

"அந்த யூனிட்டச் சும்மா விடக்கூடாது. பேரச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் ஆளுக்கொரு வரி எழுதினாப் போதும், அப்புறம் ஒருத்தன் அவருக்குத் துணி குடுக்க மாட்டான்."

"ஆமா, பேரச் சொல்லுங்க" என்று நாலா பக்கமும் எழுந்தது.

அக்கா சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னால் நான் இனி இவளோடு பேசமாட்டேன் என்றும் நினைத்தேன்.

"சின்னவளே" என்றாள் அக்கா, உரக்க. "மேல வா."

போனேன். சின்னவள் என்றதும் யாரையோ எதிர்பார்த்துத் திரும்பிய முகங்கள், வாசல் நிலையில் இடிக்காமல் தலையைத் தாழ்த்தி நுழைந்த என்னைக் கண்டன. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா. "உன் உயரம் என்ன?"

"அஞ்சு ஏழு."

"செருப்பக் கழட்டிட்டு அந்தச் சுவத்தோட நில்லு."

டேப்பின் ஒரு முனையை என் குதிகாலை ஒட்டித் தரையில் வைத்துத் தானே மிதித்துக்கொண்டாள். மேல் முனை அவளுக்கு எட்டவில்லை. டீச்சர்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படித்தாள். "அஞ்சு ஒம்பதுல்ல இருக்கு!"

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். அந்த அறையில் சட்டென்று அவள் இன்னும் சின்னவளானாள். சுவரில் முதுகை ஒட்டி, கன்னம் இறுகி, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குதிகால் தரையில படுதா பாரு."

மண்டியிட்டுப் பார்த்தேன். படவில்லை. மயிரிழை தூக்கியிருந்தது. அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். என் கையை அவள் பாதத்தின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினேன். பட்டது. உச்சியில் ஒரு அட்டையை வைத்து, டேப்பைப் பிடித்துப் படித்தேன். நாலு அடி, பத்தரை அங்குலம்.

"நாலு பதினொண்ணு" என்றேன்.

"சரியாச் சொல்லு."

"நாலு பத்தரை."

"சத்தமா, சின்னவளே."

"நாலு பத்தரை" என்றேன், கண்ணாடிச் சுவர் வரைக்கும் கேட்கிற மாதிரி.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. அக்கா சுவரை விட்டு நகராமலே பேசினாள். "நான் எல்லார்கிட்டயும் அஞ்சு ஒண்ணுன்னு சொன்னேன். உங்ககிட்டயும். மாஸ்டர் நான் குடுத்த அளவுலதான் வெட்டினாரு. அவர் மேல பழி போட்டது நான். இன்னைக்கே குழுவுல என் பேரோட எழுதறேன்." மூச்சு வாங்கினாள். "நான் யாரையும் எதுவும் கேக்கல. சுவரு இருக்கு, டேப் இருக்கு. அவ்ளோதான்."

ஒரு கைப்பையின் ஜிப் இழுபட்டது. வக்கீல் எழுந்து, யாரையும் பார்க்காமல் போனாள். அவள் பின்னால் இரண்டு பேர். அப்புறம் இன்னொருத்தி. அந்தச் செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும் வரை அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. மாஸ்டரிடம் போய் நிற்க வேண்டும். அவர் கதவைத் திறப்பாரா என்பதே தெரியாது. இந்தக் குழு நாளைக்கு இருக்குமா என்றும் தெரியாது.

"அடுத்து யாரு?" என்றாள் அக்கா.

டீச்சர் இன்னும் நாற்காலி மேல்தான் நின்றிருந்தாள். மெல்ல இறங்கினாள். கதவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அப்புறம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, செருப்பு வாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள், எரிச்சலோடு. "இந்தக் கொக்கி சனியன் கழல மாட்டேங்குது."