மேற்குப் பக்கம் நின்றவள்

எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஐந்து சூனியக்காரர்கள். துடைப்பத்தில் பறப்போம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பெரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈரப் புல்வெளியில் கயிற்றால் வட்டம் போட்டு, திசைக்கு ஒருவராக நிற்போம். கிழக்கே காற்று. அதை அழைப்பவள் பெரில். சாம்பிராணிப் புகை பட்டாலே அவளுக்கு மூச்சிரைக்கும். வடக்கே மண், அங்கே நார்மன். தெற்கே நெருப்பு, என் கணவன் டெரிக். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அடுப்பைப் பற்றவைக்காத மனுஷனுக்கு நெருப்பு! மேற்கே தண்ணீர். பத்தொன்பது வருடமாக அது என் இடம்.

தண்ணீர் என்றால் அன்பு, அழுகை, சாவு என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். செத்தவர்கள் வருவது மேற்கிலிருந்து. அக்டோபர் கடைசி நாள் பொழுது சாயும்போது, கிண்ணத்தில் தண்ணீரோடு மேற்கே நிற்பவர்தான் அவர்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் பெயரோடு பெற்றவள் பெயரையும் சேர்த்து மூன்று முறை சொல்ல வேண்டும்.

என் மகன் லியாம் மார்ச் மாதம் செத்துப்போனான். இருபத்து நாலு வயது. ஹாலிஃபாக்ஸ் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனான். நாலு பூதங்களில் ஒன்றும் அவனைத் தொடவில்லை, லாரி அடித்தது. ஜூன் மாதம் டெரிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலின் வீட்டுக்குக் குடிபோனான். பாலின் எங்கள் கூட்டத்துத் தலைவி. வட்டத்துக்குள் ரோவன் என்று ஒரு மரத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவள் பாலின்தான். அவளைக் கொன்றுபோட வேண்டும் என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது.

ஆனாலும் அந்த அக்டோபர் கடைசி நாள் எனக்கு வேண்டும். என் பிள்ளையை என் வாயால் கூப்பிட வேண்டும். எட்டு மாதமாக அதற்காகத்தான் காலையில் எழுந்து முகம் கழுவினேன்.

சிக்கல் வாசலில் இருந்தது. வட்டத்துக்குள் நுழைகிறவரின் நெஞ்சில் தலைவி கத்தி முனையை வைத்து, எப்படி வருகிறாய் என்று கேட்பாள். முழு அன்போடும் முழு நம்பிக்கையோடும் என்று பதில் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொன்னால் வட்டம் நிற்காது. இதை நான் நம்புகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த நாளும் வந்தது. மதியம் பெரிலின் சமையலறையில் இஞ்சி கேக் வெந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டு உள்ள வந்துடுடி," என்றாள் பெரில். "நாலே நாலு வார்த்தை. பல்லைக் கடிச்சுகிட்டுச் சொல்லிடு."

"நீ அங்க பொய் சொல்லியிருக்கியா?"

"நார்மன் எங்கிட்ட புல்வெட்டுற மிஷினை வாங்கிட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு. ஒவ்வொரு தடவையும் முழு நம்பிக்கைன்னுதான் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுதும் தொலைத்தேன். சரி, சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். லியாமுக்காக ஒரு பொய்.

நாலரை மணிக்கு வெளிச்சம் மங்கியது. நார்மன் போனான், பெரில் போனாள், டெரிக் என்னைப் பார்க்காமலே போனான். மூன்று பேரும் பதில் சொன்னார்கள். என் முறை வந்தது. பாலின் கத்தியை என் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கத்தியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"உங்கிட்ட நான் கேக்கல, மாக்சின்," என்றாள், மெல்ல. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா வா."

இரக்கம். என் புருஷனை எடுத்துக்கொண்டவள் எனக்குச் சலுகை காட்டுகிறாள். கத்தியை வைத்திருந்தால் அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பொய்யைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கேக்காம உள்ள விடுறது செத்தவங்கள மட்டுந்தான், பாலின். நான் இன்னும் சாகல."

"பிடிவாதம் பிடிக்காத. லியாமை நினைச்சுப் பாரு."

"அவன் பேரை நீ சொல்லாத."

நான் கொண்டுவந்த தண்ணீர்க் கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டு, கயிற்றுக்கு வெளியிலேயே சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனேன். வேலியோரமாக, வட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றேன். யாரும் தடுக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே யாருக்கும் அதிகாரம் கிடையாது.

பாலின் வட்டத்தை மூடினாள். கிழக்கு, தெற்கு, வடக்கு எல்லாம் அழைத்தாயிற்று. மேற்கே ஆளில்லை. கடைசியில் டெரிக் தெற்கை விட்டுவிட்டு வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். அப்பன்தானே, அவனுக்கும் உரிமை உண்டு. அதை நினைக்கவே கசந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டான். "லியாம். லியாம் வாப்பா."

பெற்றவள் பெயரை விட்டுவிட்டான். பக்கத்தில் பாலின் நின்றிருந்தாள்.

"யாரு பெத்த லியாம்?" என்று கத்தினேன். "முழுசாக் கூப்பிடு, டெரிக்! ஊர்ல எத்தனை லியாம் செத்திருப்பான்!"

அவன் கண்ணைத் திறந்தான். நேர் எதிரே நான். தண்ணீர் தளும்பி அவன் ஷூவில் கொட்டியது.

"மாக்சின்," என்றான். "மாக்சின் பெத்த லியாம். மாக்சின் பெத்த லியாம், வா." மூன்றாவது முறை சொல்ல முடியாமல் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். பாலின் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் திரும்பி, வேலிக்கு அப்பால் இருட்டிக்கொண்டு வந்த மேட்டைப் பார்த்து அந்த மூன்றாவது முறையைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர்கள் முடிக்கும்வரை அந்த மேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் பெரில் இரண்டு துண்டு கேக்கோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் பளபளத்தது.

"வந்தான்டி. டெரிக் கூப்பிட்டதும் சில்லுன்னு ஒரு காத்து அடிச்சுச்சு. நாங்க எல்லாருமே உணர்ந்தோம். லியாம் உள்ள வந்தான்."

"வரல, பெரில்."

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் வெளியில நின்னியே?"

"வெளியிலதான் நின்னேன். மேற்குப் பக்கம். வந்திருந்தா என்னைத் தாண்டித்தானே வந்திருக்கணும்."