புதுக்கடையிலிருந்து திரும்பிய வேன்

ஆனால் குண்டு யாருடையது என்று எப்படிச் சொல்வது, வரிசையாக நின்று எல்லோரும்தானே சுட்டார்கள், பக்கத்தில் நின்ற ஏட்டுக் குறுப்பும் சுட்டார், தன் துப்பாக்கியும் தோளில் இடித்தது, புகை விலகியபோது மச்சினன் திரவியம் மண்ணில் கிடந்தான், தொண்டைக்குக் கீழே ரத்தம் கொப்பளித்தது... வேன் குலுங்கி நின்றது. பகவதிப்பெருமாள் கண்ணைத் திறந்தான். திருவனந்தபுரம், பழவங்காடி. புறப்படும்போது பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்ட போலீஸ்காரர்கள் தேங்காய் உடைக்க இறங்கினார்கள், போன காரியம் நல்லபடி முடிந்ததாம், பாழாய்ப்போக, என்ன நல்லபடி? “தானும் அடிக்கெடோ,” என்று குறுப்பு ஒரு காயைக் கையில் திணித்தார். ஓங்கி எறிந்தான். காலையில் தன் லத்தி ஒரு கிழவரின் தலையில் விழுந்தபோதும் இதே சத்தந்தான். 

திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர் என்று இந்த ஐம்பத்துநான்கு ஆகஸ்ட் பதினொன்றில் ஊரூராக ஊர்வலம், புதுக்கடை ஊர்வலத்துக்குத் திரவியம் வராமல் இருப்பானா? வந்தான். இவனைக் கண்டதும் ‘அத்தான்’ என்று உதடு அசைந்தது, கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான், பின்னால் நகர்ந்தான், நகர்ந்துகொண்டுதானே இருந்தான்... வெடி விழப்போகிறது, பயல் ஓடிப் பிழைக்கட்டும் என்றுதான் வாயைத் திறந்தது, வந்ததோ, “மாறிப்போடா பாண்டீ!” விலகிப் போ என்றுதான் அர்த்தம், காக்கி போட்ட நாள் முதல் வாயில் மலையாளந்தான், தமிழ் பேசினால் ஏட்டு முறைப்பார், அதற்காகத் தமிழனை ஏசுகிற அந்தச் சொல்லா, சொந்த மச்சினனையா? திரவியத்தின் பின்வாங்கிய கால் நின்றது. சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நேரே இவனைப் பார்த்து வந்தான்.

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே மனைவி பொன்னம்மை நின்றாள். செய்தி இன்னும் இவளுக்கு எட்டவில்லை.

“தம்பி கூட்டத்துல நின்னானா?”

“நின்னான்.”

“போவச் சொல்லப்பிடாதா?”

“சொன்னேன்.” பொய்யில்லையே.

அவள் முகம் தெளிந்தது, பாவி மகள். “அப்பம் போயிருப்பான். நீங்க சொன்னா மறுக்க மாட்டான்.” சோறு போட உள்ளே போனாள்.

ஆமாம், மறுக்க மாட்டான், போலே மக்கா என்று ஒரு வார்த்தை மெல்லச் சொல்லியிருந்தால் போயிருப்பான், நாலைந்து அடி தூரத்தில்தானே நின்றான், பிறகு எதற்கு அவ்வளவு உரக்கக் கத்தியது... அவனுக்குக் கேட்கவா, பக்கத்தில் நின்ற குறுப்புக்குக் கேட்கவா?