போறாரு மிஸ்

ஜான்சி டீச்சரின் கணவர் ஆரோக்கியராஜ் ஏப்ரலில் பைக் விபத்தில் இறந்துபோனார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் கடலூரில் தன் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் லீவு போடலாமே என்று தலைமை ஆசிரியை சொன்னார். வீட்டில் இருந்தாலும் இங்கே இருந்தாலும் அவளுக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஜூலையில் ஆங்கில ஆசிரியர்களுக்குச் சிதம்பரத்தில் மூன்று நாள் பயிற்சி. விபத்து நடந்த இடத்தைத் தாண்டித்தான் பஸ் போனது. அந்த வளைவு வந்தபோது, ஜன்னல் கண்ணாடி இறுகிப்போய் ஏறாமல் நிற்பதைத்தான் அவள் கவனித்தாள்.

பயிற்சியில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் "புரிஞ்சிதா?" என்று கேட்கக்கூடாது, கேட்டால் எல்லாரும் "புரிஞ்சிது" என்பார்கள். புரிந்தவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும். ஜான்சி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் கொளஞ்சியப்பன் வகுப்பைப் பார்க்க வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டார். அன்றைய பாடம் 'யூஸ்டு டு'. முன்னே வழக்கமாகச் செய்து, இப்போது விட்டுவிட்டதைச் சொல்வதற்கு அது. ஒரு எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. கை போன போக்கில் ஜான்சி போர்டில் எழுதினாள்: மை ஃபாதர் யூஸ்டு டு கோ டு தி சீ.

திரும்பி நின்று பயிற்சியில் சொன்னபடியே கேட்டாள். அப்பா இப்ப கடலுக்குப் போறாரா?

"நோ மிஸ்" என்றது வகுப்பு. ஒரு குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி, "எஸ் மிஸ்" என்றது. இரண்டாவது வரிசையில் அனுப்பிரியா. நன்றாகப் படிக்கிற பெண். கொளஞ்சியப்பன் பேனாவை எடுத்தார்.

ஜான்சி இன்னொரு முறை விளக்கினாள். தாத்தா பீடி குடிப்பார், இப்ப விட்டுட்டார் என்று வேறு உதாரணம் கொடுத்தாள். அதற்கு அனுப்பிரியா சரியாகவே பதில் சொன்னாள். திரும்பவும் போர்டைக் காட்டிக் கேட்டபோது அவள் எழுந்து நின்றாள்.

"போறாரு மிஸ். இன்னும் திரும்பி வரல, அவ்ளோதான்."

அப்போதுதான் ஜான்சிக்கு உறைத்தது. அனுப்பிரியா தேவனாம்பட்டினத்துப் பெண். சுனாமியன்று காலையில் கரையோரம் வலை போடப் போன அவள் அப்பா சாமிக்கண்ணு உடம்பாகக்கூடத் திரும்பி வரவில்லை. இரண்டரை வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எழுதும்போது தனக்கு அது நினைவில் வராமல் போனதை, வேறு யாரோ செய்த தவறைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள்.

அழித்துவிடலாம் என்று டஸ்டரை எடுத்தவள் திரும்ப வைத்தாள். அனுப்பிரியாவைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தாள்.

"இது தப்புன்னா சரியா எழுதும்மா."

அந்தப் பெண் போர்டில் இருந்ததை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தாள். பிறகு 'யூஸ்டு டு கோ' என்பதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் 'வென்ட்' என்று எழுதினாள். மை ஃபாதர் வென்ட் டு தி சீ. அப்பா கடலுக்குப் போனார். இப்போது போகிறாரா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஜான்சி அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

மணி அடித்ததும் கொளஞ்சியப்பன் வராந்தாவில் படிவத்தை நீட்டினார். பாடம் நன்றாக இருந்தது என்றார். புரிந்துகொள்ளாத மாணவர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது. ஜான்சி கையெழுத்துப் போடவில்லை.

"அவளுக்குப் புரிஞ்சிருக்கு சார். எனக்குத்தான் புரியல."

அவர் படிவத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றை அடித்துவிட்டுச் சைபர் போட்டார். அவள் கையெழுத்திட்டாள்.

இப்போது அழுகை வரும் என்று தோன்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. உள்ளங்கையில் சாக்பீஸ் தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. அடுத்தது எட்டாம் வகுப்பு பி பிரிவு. பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.